ஆதம்பாவா காக்கா கேட்ட பெயர்

என் பெண்சாதி சீதேவி இன்றைக்கும் அடுப்படியில் நின்று என்னை ஏசுகிறாள் என்றால், அந்த ஏச்சுக்கு நான் ஆதம்பாவா காக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். காத்தான்குடிக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மூத்திரச் சட்டி கழுவுகிற வேலை. பெரிய மனிசரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இவரைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டாம் ஆண்டு வெள்ளாமை வெட்டு. வாவிக்கு அந்தப் பக்கம் எங்கள் வட்டை, வயல்வெளி. சூடடிக்கும் களத்தில் நாங்கள் கண்டபடி வாய் திறக்கமாட்டோம். நெல்லைப் 'பொலி' என்போம். பாம்பை அங்கே பாம்பு என்று சொல்வதே இல்லை, 'பூச்சி'தான். பெயரைச் சொன்னால் பொலி குறையும், தீண்டப்பட்டவருக்கு விஷம் ஏறும் என்று நம்பினோம்.

காலையில் கதிர் அள்ளும்போது சீதேவியின் காலில் அது தீண்டியது. வைக்கோலுக்குள் போனதை என் கண்ணாலே கண்டேன். தோணியில் ஏற்றி வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்குத்தர் வெளியூர்க்காரர்.

"என்ன கடித்தது?" என்று கேட்டார்.

"பூச்சி, ஐயா," என்றேன்.

அவர் குளவியோ வண்டோ என்று நினைத்து மருந்து பூசி, கால் வீங்கியிருந்ததால் கட்டிலில் படுக்க வைத்தார். மடையன் நான், தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் சட்டி எடுக்க வந்த ஆதம்பாவா காக்கா அதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மூத்திரம் சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. குனிந்து அவளுடைய வாயைப் பார்த்தார். பல் முரசில், ஈறில், இரத்தம் கசிந்தது.

"தம்பி, எங்க வெச்சுக் கடிச்ச?"

"களத்துல, காக்கா."

"என்ன பூச்சி?"

நான் சீதேவியின் போர்வையை இழுத்துவிட்டேன்.

"பேரைச் சொல்லுங்க தம்பி. இது களம் இல்ல, ஆஸ்பத்திரி. பொலி போனா அடுத்த போகம் வரும். இவ போனா வருவாவா?"

"கண்ணாடிப் புடையன்," என்றேன். விரியன் பாம்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். டாக்குத்தர் வந்தார், விஷமுறிப்பு ஊசி போட்டார். மூன்றாம் நாள் மூத்திரம் தெளிந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை எந்த அறுவடையிலும் பட்டதில்லை.

இப்போது என் மகள் படித்துவிட்டு வந்து சொல்கிறாள்: அந்த விஷத்தில் பொஸ்போலிப்பேசு என்று ஒரு நொதியக் குடும்பம் இருக்கிறதாம். உடம்பின் நுண்ணிய கலங்களைப் போர்த்தியிருக்கிற மென்சவ்வின் கொழுப்பை அது அரிக்குமாம். இரத்தக் கலங்கள் உடைந்து, உள்ளே இருந்த சிவப்பு மூத்திரத்தில் இறங்குமாம். நல்ல குடும்பம்தான், போங்கள். படிப்பில்லாத ஆதம்பாவா காக்கா அதைச் சட்டியிலேயே கண்டுபிடித்தார்.

சுகமானதும் புது அரிசி கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஆயிஷா உம்மா தேத்தண்ணி தந்தார்.

"எப்பிடிக் காக்கா உங்களுக்கு விளங்கின?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட வாப்பாவும் வட்டையிலதான் வேல செஞ்ச. இதே நிறத்துலதான் அவருக்கும் மூத்திரம் போன, அவர் பிழைக்கல்ல. டாக்குத்தர் கேட்டப்ப, பூச்சி எண்டு சொன்ன நான்தான் தம்பி."

சீதேவிதான் முதலில் அழுதாள்.