அட்டைக்கு அடக்கிய புகையிலை

புளியஞ்சோலையிலிருந்து மலையேறி, ஆலத்தூர் நாட்டில் மிளகு வாங்கி வருவது எங்கள் பிழைப்பு. மழைக்காலத்தில் வழியெல்லாம் அட்டை. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே நடப்போம். காலில் அட்டை ஏறினால் அந்தச் சாற்றைத் துப்புவோம், சுருண்டு விழுந்துவிடும். மழை நின்றாலும் எனக்கு அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

போன ஐப்பசியில் அதே கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்தது. புகையிலையோடு சேர்க்கும் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைத்துச் சுண்ணாம்பை மட்டும் விட்டேன். காரம் வாயில் வைக்க முடியாமல் போன பிறகுதான் துறையூர் டாக்டரிடம் போனோம்.

"இது இன்னும் புற்று இல்லேம்மா. புகையிலையை விடலேன்னா ஆனாலும் ஆகலாம்" என்றார் டாக்டர்.

"ஏனுங்க, நானுந்தான் போடறேன். எனக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார் வீட்டுக்காரர்.

"யாருக்கு வரும்னு சொல்லத் தெரியாது. ரெண்டு பேருமே விட்டுடுங்க."

டாக்டருக்கே தெரியாததை எப்படி நம்புவது? குழப்பத்தோடே மறுபடி மலையேறினோம். என் காலில் அட்டை ஏறியது. வீட்டுக்காரர் புகையிலைச் சாற்றைத் துப்பினார். அது துடித்துச் சுருண்டது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் வாயிலிருந்த புகையிலையையும் துப்பிவிட்டார்.

கன்னத்து வெள்ளை மறையுமா, எனக்கு இன்னும் தெரியவில்லை. அட்டைக்கு இப்போது கோல் நுனியில் உப்பு முடிச்சு கட்டியிருக்கிறோம். இருவர் வாயிலும் ஒன்றும் இல்லை.