படித்துக் காட்டாத கதை

நாற்பதை நெருங்கியும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். பகலெல்லாம் கூரியர் ஆபீசில் பார்சல்களுக்கு எடை போடுவாள். மிச்ச உயிரையெல்லாம் தான் நடத்தும் சின்னப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தாள்.

அதில் எழுதுகிறவர்கள் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். பிளம்பர், சமையல்காரி, பள்ளிக்கூட ஆயா என்று வேறெங்கும் அச்சேறாதவர்கள். எழுதியவர் தன் வாயாலேயே எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும், நாக்கு இடறும் இடத்தைத் திருத்த வேண்டும், பிறகுதான் அச்சு. இது பாப்பா வைத்த சட்டம். பெரிய பேராசிரியர் ஒருவர், "வர நேரமில்லை, போட்டுவிடுங்கள்" என்று கட்டுரை அனுப்பியபோதும் அவள் மசியவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா அதைச் சொல்லாத ஆள் கிடையாது.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ரொம்ப நாள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் ஒரு கதை எழுதினார். மனைவி இறந்த சேதி வந்தும், வண்டியைப் பாதியில் நிறுத்தாமல் கடைசி நிறுத்தம்வரை ஓட்டிப்போனதைப் பற்றி. எழுதி முடித்த வாரமே தொண்டை கட்டிக்கொண்டது.

"குரல் தெளிஞ்சதும் படிங்கண்ணே. பக்கம் ஒதுக்கி வெச்சிருக்கேன்," என்றாள் பாப்பா.

வெறும் தொண்டைக்கட்டு இல்லை என்று முதலில் தெரிந்தது அக்காவுக்குத்தான். விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போனவள், கழுத்தில் குழாயோடு படுத்திருந்தவரைப் பார்த்தாள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் வீட்டில் சண்டை.

"நீயே படிச்சுப் பாத்துப் போட்டா குடியா முழுகிடும்?"

"இவருக்கு விட்டா, நாளைக்குப் பேராசிரியர் கேப்பாரு. என்ன சொல்றது?"

"தொண்டைய அறுத்துட்டு வாங்கன்னு சொல்லு."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பே அழுகையாகவும் ஆனது.

மறுநாள் இருவரும் வார்டுக்குப் போனார்கள்.

"சட்டம் கெடக்கட்டும்ணே. அக்கா படிப்பாங்க. இல்ல, படிக்காமலே போடறேன். குடுங்க," என்று பாப்பா கையை நீட்டினாள்.

டிரைவர் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'எல்லாருக்கும் உள்ளதுதான் எனக்கும்.'

"அடம் பிடிக்காதீங்கண்ணே," என்றாள் அக்கா. "உங்களுக்கு என்ன சின்ன வயசா?"

அவர் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: 'பேராசிரியரையே வேணாம்னு சொன்ன எடம். அதான் எழுதணும்னு தோணிச்சு.' கீழே, 'இப்பப் படிக்கிறேன்.'

தலையணைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்தார். உதடுகள் அசைந்தன. குழாய் வழியாகக் காற்று மட்டும் சீறி வந்தது. ஓரிடத்தில் நின்று, பென்சிலால் ஒரு சொல்லை அடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் வேடிக்கை பார்த்தார். கடைசித் தாளையும் முடித்துவிட்டு, சிலேட்டை எடுத்தார்.

'கேட்டுச்சா?'

அக்கா பாப்பாவின் முழங்கையை இடித்தாள். ஆமா என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியது. பாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே," என்றாள்.

அவர் தலையாட்டினார், சரியான நிறுத்தத்தில் யாரோ இறங்கிவிட்டதைப்போல. தாள்களைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"ஒரு பொய் சொன்னா ஒன் நாக்கு அழுகியா போயிடும்?" என்று வராந்தாவில் அக்கா கொதித்தாள்.

"கண்டுபிடிச்சிருப்பாருக்கா. அப்புறம் நாம இதுவரைக்கும் போட்ட எல்லாத்தையும் சந்தேகப்பட்டிருப்பாரு."

கோபம் ஆறவில்லை. என்றாலும் தன் தங்கையைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் மனசு கனத்தது.

இதழ் வருவதற்குள் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். டிரைவர் இறந்துவிட்டதாகவும், சாமான்களை மகன் கட்டி எடுத்துப் போனதாகவும் நர்ஸ் சொன்னாள்.

"மகன் வீடு எங்கேன்னு விசாரிக்கட்டுமா? தாளெல்லாம் அங்கதான் இருக்கும்," என்றாள் அக்கா.



"விசாரிச்சு என்னக்கா பண்றது? அவர் குடுக்கலையே."