உடைந்த பானையில் புதினா

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் மணல் கம்பெனிக்கு ஓர் அமெரிக்க துரை வந்தார். அவர் பங்களாவில் என் வீட்டுக்காரருக்குச் சமையல் வேலை கிடைத்தது. முழுசாகக் கிடைத்துவிடவில்லை. சாயங்காலம் துரை குடிக்கும் ஒரு பானத்தைச் சரியாகக் கலக்கத் தெரிந்தால்தான் வேலை நிலைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் வேறு ஆளே இல்லாத மாதிரி, குடித்தே இரண்டு வேலையைத் தொலைத்த மனுஷனுக்கு இந்த வேலை. முந்தின மாசிக் கொடைத் திருவிழாவில்தான் அம்மன் முன்னால் சூடத்தை அணைத்து, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். பிறகு தொடவும் இல்லை. நான்தான் நம்பாமல் தினமும் வாயை ஊதச் சொல்வேன். முகம் சுளிக்காமல் ஊதுவார், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பழகிப் பார்க்க என்று சரக்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மருந்துக் குப்பியில் கொஞ்சம் சாராயம், சோளத்தில் காய்ச்சியதாம். உமி நிரப்பிய தூக்குவாளியில் ஐஸ் கட்டி. விடிந்ததிலிருந்து கயிறு திரித்துக் கை எரிய, நான் அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தேன்.

"இதுக்கு என்ன பேரு?"

"சூலப்பு. தொர ஜூலெப்னு சொல்லுவாரு."

"அம்மன் கையில இருக்க சூலமா?"

அவர் சிரிக்கவில்லை.

பானத்துக்கு வேண்டும் என்று அவர் முன்பே கொண்டுவந்த ஒரு புதினாத் தண்டைக் கிணற்றடியில் உடைந்த பானையில் நட்டிருந்தேன். நன்றாகத் தழைத்திருந்தது. ஒரு கை பறித்துக்கொண்டு நேரே அம்மிக்குப் போனேன்.

"ஏட்டி, தொவையலா அரைக்கப் போற? அரைச்சா கசந்து போவும். லேசா நசுக்குனாப் போதும்."

கண்ணாடிக் கிளாஸில் இலையையும் ரேஷன் சீனியையும் போட்டு மத்தின் காம்பால் மெதுவாக அழுத்தினார். சாராயத்தை ஊற்றும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஐஸைத் துணியில் சுற்றிக் குழவியால் நான் பொடித்துக் கொடுத்தேன். மேலே ஒரு கொழுந்தைச் செருகி என்னிடம் நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லு."

"நானா?"

"பின்ன ஆரு? நான் தொடப்பிடாதுல்லா."

என் வீட்டைக் கெடுத்த நாற்றம் அது. வயிற்றைக் குமட்டும் என்று நினைத்துத்தான் குடித்தேன். தொண்டை எரிந்தது, பிறகு இனித்தது, பிறகு பல் கூசியது. நாற்றத்தைக் காணோம். புதினா அதை அப்படியே மூடிவிட்டிருந்தது. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு என்றேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மிச்சத்தைக் கொண்டுபோய் வெளியே கொட்டினேன்.

வேலை நிலைத்தது. பிள்ளைகள் இரண்டு வேளையும் சோறு தின்றார்கள். தினமும் இலையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புவது என் வேலையாயிற்று. சாயங்காலம் திரும்பும்போது அவர் கை மணக்கும். வாயை ஊதச் சொல்வேன், வாயில் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் பகல் முழுக்கக் காத்திருப்பேன்.

ஒரு நாள் ஊதினார். வாயும் மணத்தது.

"சும்மா ஒரு எலய சவச்சேன்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அந்த இலை எதை மூடும் என்று குடித்துப் பார்த்தவள் நான். சண்டை போடத் தெம்பில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலையில் கிணற்றடிக்குப் போனபோதுதான் அழுகை வந்தது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினேன்.