மலைக்குக் கட்டிய புளிச்சோறு

அரியலூரில் எங்கள் தெருப் பெண்கள் கொல்லிமலைக் காட்டில் நடந்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்கிவர வேன் பேசினார்கள். தனிக்கட்டையான நானும் போகிறேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு, கம்பளி, டார்ச், புளிச்சோறு எல்லாம் பையில் கட்டிவைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் வேன் கிளம்பிவிட்டது. கிழவி மலையேற மாட்டாள் என்று விட்டுவிட்டார்களாம்.

வீட்டுக்குள் பையோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"போவலீங்களா பெரியம்மா?"

"நான்தான் வரலன்னுட்டேன். அந்தக் குளிர எவ தாங்குறது?"

அவள் என் பையைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. எங்க வூட்டுல இன்னும் அடுப்பே பத்தவைக்கல. அந்தப் புளிச்சோத்துல எனக்கும் ரெண்டு வாய் குடுங்க."

அவள் வீட்டிலிருந்து சாம்பார் தாளிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

சேர்ந்து சாப்பிட்டோம். என் பொய்யை அவளும், அவள் பொய்யை நானும் கிளறவில்லை. கம்பளியை மட்டும் நான் இன்னும் பையிலிருந்து எடுக்கவில்லை.