சாயமில்லாத கண்ணாடி

என் ஆய்வைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவர்கள் மேல் அல்ல, என் மேல்.

சாயம் கலந்த கரைசலைக் கூழாக உறையவிட்டு, வாரக்கணக்கில் மெல்ல உலர்த்தினால் கண்ணாடியாகிவிடும். அதற்குள் சாய மூலக்கூறு இன்னும் சுழல்கிறதா, சிக்கிக்கொண்டதா என்று அது உமிழும் ஒளியை அளந்து சொல்ல வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சாயமே இல்லாத துண்டு ஒன்றும் உண்டு. அது ஒளிரவே கூடாது; ஒளிர்ந்தால் எங்கோ அழுக்கு கலந்துவிட்டது என்று பொருள். என்னுடையது ஒளிர்ந்தது. நான்கு மாத அளவீடு பாழ்.

"யார் கழுவினது?" என்றார் பேராசிரியர்.

மலாக்காவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவியது ஓர் ஒப்பந்தத் தொழிலாளி அக்கா. மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். கணவர் படுத்த படுக்கை. அந்த வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் அவர் ஒருவர்தான்.

"மூணு தண்ணி ஊத்திக் கழுவுனேன்லா தங்கச்சி. சத்தியமா. நீயாச்சும் சொல்லேன்."

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். உபகாரச் சம்பளம் முடியப்போகிறது. எரிச்சலில், "கழுவியிருந்தா இப்படி வருமா அக்கா?" என்று வெடுக்கென்று கேட்டேன். மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

புது ஆள் வந்த பிறகும் துண்டு ஒளிர்ந்தது. ஒருநாள் அறையை இருட்டாக்கி, நீல விளக்கில் பிடித்துப் பார்த்தேன். விரல் பட்ட ஓரமெல்லாம் பச்சையாக மின்னியது. என் கையுறையும் மின்னியது. அடிப்பாவி! அளவீடு ஓடும்போது பதற்றத்தில் கையுறையோடேயே தாலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பழக்கம். வெள்ளிதோறும் மஞ்சள் பூசும் கயிறு. மஞ்சள் அந்த ஒளியில் ஒளிரும் என்று படித்த எனக்குத் தெரியாதா?

கயிற்றைச் சட்டைக்குள் விட்டு, கையுறையை மாற்றிக்கொண்டேன். அடுத்து செய்த துண்டு ஒளிரவில்லை.

"புது ஆளுக்கு இப்பத்தான் கை பழகியிருக்கு," என்றார் பேராசிரியர்.

நான் தலையாட்டினேன். வெட்கமில்லாமல் ஆட்டினேன்.

மனசு உறுத்தியது. அக்கா சந்தையில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு மெர்லிமாவ் பாசாருக்குப் போனேன். அக்கா ஒரு மீன்கடையில் செதில் சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அங்க சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குலா சொல்ற? நான் கழுவுனது எனக்குத் தெரியுமே."

பட்டம் வாங்கி இரண்டு வருடமாகிறது. இப்போது அதே ஆய்வுக்கூடத்தில்தான் எனக்கு வேலை. புதிய மாணவர்கள் வரும்போதெல்லாம், சரியாகக் கழுவத் தெரியாத அந்த அக்காவின் கதையைப் பேராசிரியர் சொல்கிறார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.