மோட்டாரைத் தாங்கிய கயிறு

ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பாறையில் கயிறு கட்டி இறங்கி ஏறுவதென்று நண்பர்கள் மூவர் முடிவு செய்தோம். அதற்கான கயிற்றை வாடகைக்கு எடுக்க வசதியில்லை. எங்கள் தோட்டத்துப் போர்வெல் மோட்டாரைக் கட்டியிருந்த நைலான் கயிறு போதும் என்றேன். எதையும் தேதியோடு எழுதி வைப்பவன் நான். டைரியைப் புரட்டி, அது ஒன்பது வருடம் மோட்டாரைச் சுமந்ததைப் படித்துக் காட்டினேன்.

"டைரியே சொல்லிருச்சு, பெறகென்ன?" என்றான் ஆரோக்கியம். முதலில் இறங்கப்போகிறவன் அவன்தான்.

ஞாயிறு காலை ஏழு பத்து. பாறை உச்சியில் இருந்த மரத்தில் ஒரு முனையையும் ஆரோக்கியத்தின் இடுப்பில் மறுமுனையையும் கட்டினோம். அங்கே ஆடு மேய்த்த ஒரு பெண் வந்து கயிற்றைத் தடவினார். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

"எம்புட்டு நாளா வெயில்ல கெடந்துச்சு? இதுல நான் ஆட்டக்கூடக் கட்ட மாட்டேன்ப்பா."

"அக்கா மனசுக்காக" என்று சிரித்தபடி முடிச்சை அவிழ்த்த ஆரோக்கியம், ஒரு கல்லைக் கட்டி உருட்டிவிட்டான். அவன் எடையில் பாதிகூட இருக்காது. கயிறு ஒருமுறை விறைத்து, தொய்ந்தது. செத்த நேரம் கழித்துத்தான் கீழே கல் விழுந்த சத்தம் கேட்டது.

டைரியை எடுத்தேன். நான் படித்துக்காட்டிய வரிக்கு அடுத்த வரி: 'மோட்டாரை வெளியே எடுத்தோம். கயிறு மோட்டார் கொட்டகைக் கூரைமேல் கிடக்கிறது.' அதன்பின் மூன்று கோடைகள் போயிருந்தன.

எட்டிப் பார்த்த ஆரோக்கியம், "அடுத்த வரியையும் படிச்சிருக்கலாம்லடா" என்றான்.

இப்போதும் தினமும் எழுதுகிறேன். பழைய பக்கங்களை எடுத்தால், எனக்குச் சாதகமான வரியில் நிறுத்த முடிவதில்லை.