அடுத்த வீட்டில் இருக்கும் பெட்டி

என் பிள்ளையின் சட்டைகள் அடுத்த வீட்டில் இருக்கின்றன. தினமும் மதியம் சாப்பிட்டபின் பல்கீஸ் அக்கா வீட்டுக்குப் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்த வயிற்றோடு என்னால் குனிய முடியாது என்பதால் அக்காவே பெட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைப்பார். அவர் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். பெட்டிகள் அக்காவுக்குப் புதிதல்ல. "பிள்ளை வாரதுக்கு முன்னாடியே அதோட பெட்டி எங்க வீட்டுக்குக் குடிவந்திருச்சு. வாடகைய யாருகிட்ட கேக்குறது?" என்பார். நான் சட்டைகளை எண்ணுவதுபோலத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

நெதர்லாந்திலிருந்து வளைகாப்புக்காகக் காரைக்குடி வந்த அன்றே இந்தப் பெட்டி இடம் மாறியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது அம்மாவின் எண்ணம். நானோ எதற்கும் இருக்கட்டும் என்று திரும்பிப்போகவும் டிக்கெட் போட்டிருந்தேன். எங்கே பெற்றாலும் உதவட்டும் என்று சட்டை, துண்டு, தொப்பி எல்லாம் கொண்டுவந்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அம்மா முகம் மாறிவிட்டது. பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கி வீட்டில் வைப்பது எங்களில் வழக்கமில்லை. "வாங்கவே வேணாம்னா சொல்றேன்? பிள்ளை வரட்டும், அப்பறம் கடையவே வாங்கு" என்றார். படித்தவள் நான், வாதாடியிருக்கலாம். ஆனால் போன முறை ஐந்தாம் மாதத்தில், தள்ளுபடியில் கிடைத்ததே என்று ஒரு ஜோடி மஞ்சள் காலுறை வாங்கினேன். அடுத்த வாரம் அந்தக் கரு தங்கவில்லை. காலுறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். காலுறை வாங்கியதை அம்மாவிடம் சொன்னதுதான் தவறு என்று ஒரு நாள் நினைப்பேன். வாங்கியதுதான் தவறு என்று மறுநாள்.

அதனால்தான் இந்த முறை, நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் ஐந்தோவனில், எதுவுமே வாங்காமல் இருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு ஒரு பெண் தினமும் வீட்டுக்கே வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கே உண்டு. க்ராம்ஸோர்க் என்பார்கள். அதற்காக முன்கூட்டியே ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். எங்கள் கட்டிலின் உயரத்தை அளந்தார்; பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைக்க வேண்டுமாம். பிறகு பிள்ளையின் அலமாரியைக் காட்டச் சொன்னார். காலியாக இருந்தது. எங்கள் ஊரில் முன்கூட்டி வாங்குவதில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். என் கணவரைத் தேநீர் போட அனுப்பிவிட்டு, "இந்தக் குழந்தை வருவதில் உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்று மிக வேகமாகச் சொல்லிவிட்டேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வார இறுதியில் பட்டியலில் இருந்த அத்தனையையும் வாங்கினோம். அங்கே வாங்காததால் சந்தேகம், இங்கே வாங்கியதால் பயம். இரண்டு இடத்திலும் நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். களைப்பாக இருக்கிறது.

இந்த வாரத்தைத் தாண்டினால் என்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கணவருக்குப் பிள்ளை பிறந்ததும் கிடைக்கும் விடுப்பு மிகச் சொற்பம். இங்கே பெற்றால் வருவதற்கும் போவதற்குமே அது சரியாகிவிடும். பிரசவச் செலவை அங்குள்ள காப்பீடு பார்த்துக்கொள்ளும். இங்கே கையிலிருந்து கட்ட வேண்டும். பிறகு பிள்ளைக்குப் பாஸ்போர்ட், விசா. எழுதிப் பார்த்தால் போவதுதான் சரி. ஆனால் இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அப்பாவை விட்டு அம்மா என்னோடு வர முடியாது. அந்த ஒன்றை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுத முடியவில்லை.

போகிறேன் என்று நேற்றுக் காலை சொன்னேன். மதியம் நான் பல்கீஸ் அக்கா வீட்டில் இருந்தபோது பெட்டி போனபின் முதல்முறையாக அம்மா அங்கே வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அப்பாவின் பழைய வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்தார். புதுச் சட்டைகள்மேல் கை படாமல் அவற்றை ஓரத்தில் அடுக்கினார்.

"அங்க நர்சுககிட்ட மொதல்ல இதுல பிள்ளைய ஏந்தச் சொல்லு. அப்பறம் அவுக சட்டையப் போட்டுக்கிறட்டும்."

"அவங்க பழந்துணின்னு வேணாம்னு சொல்லிட்டா?"

"எங்க அம்மா குடுத்தாகன்னு சொல்லு. அதுக்கு மேலயுமா கேப்பாக?"

கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பல்கீஸ் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

நாளைக் காலை திருச்சிக்குக் கார். சற்றுமுன் அம்மா ஓட்டுநருக்குப் போன் செய்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு, பிறகு பத்தடி தள்ளி இன்னொரு வாசலில் நிறுத்த வேண்டுமாம். ஓட்டுநருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்.

"ஆளு ஒண்ணுதான்ப்பா. ரெண்டு வீட்டுலயும் நிப்பாட்டணும்" என்றார் அம்மா.